நெடுநல்வாடை: பெயருக்குள் இரண்டு பேர்

போன ஐப்பசியில் ஒரு மாலை. வெளியே அடைமழை. பத்துப்பாட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் பையை இறக்கிவைத்த மகள் எட்டிப் பார்த்து, "நெடுநல்வாடையா? மீன் வாடை மாதிரியாப்பா?" என்று கேட்டாள். இல்லை, வடக்கிலிருந்து அடிக்கிற குளிர்காற்றுக்குப் பழைய பேர் வாடை என்று சொன்னேன். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. "சரி, குளிர்காற்றுன்னா உடம்பு நடுங்குமே, அது எப்படி நல்ல வாடை?" என்றாள்.

இந்தக் கேள்வியை உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் தமக்குள் கேட்டிருக்கிறார். 'நெடு' ஒரு சொல், 'நல்' ஒரு சொல், 'வாடை' ஒரு சொல். மூன்றும் எளிய சொற்கள். சேர்த்து வைத்தால் மட்டும் ஏதோ இடிக்கிறது. அந்த இடறல் எங்கிருந்து வருகிறது, அது பாட்டுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நெடுநல்வாடை பத்துப்பாட்டில் ஏழாவது. 188 அடிகள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. தலைவன், பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று பழைய குறிப்பு சொல்கிறது. உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகுதான் இது நம் கைக்கு அச்சில் வந்தது.

பத்துப் பாட்டுகளின் பெயர்களையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்றால் யாரை வழிப்படுத்துகிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. திருமுருகாற்றுப்படை யாரிடம் வழிப்படுத்துகிறது என்பதைச் சொல்கிறது. முல்லைப்பாட்டும் குறிஞ்சிப்பாட்டும் தம் திணையைச் சொல்லிவிடுகின்றன. பட்டினப்பாலை ஊரையும் திணையையும் சேர்த்துச் சொல்கிறது. மதுரைக்காஞ்சி இன்றைய வாசகருக்கு இரண்டு ஊர்ப் பெயராகக் கேட்கும். நானே பள்ளி நாட்களில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே காஞ்சி என்பது ஊர் இல்லை, நிலையாமையைச் சொல்லும் திணை. மலைபடுகடாம் மட்டும் உவமையில் பெயர் பெற்றது: மலையை யானையாக்கி, அதில் எழும் ஓசைகளை மதமாக்கிய ஒரு தொடர். ஆனால் அதற்கும் கூத்தராற்றுப்படை என்று வெளிப்படையான இன்னொரு பெயர் உண்டு. நெடுநல்வாடைக்கு அந்த வசதி இல்லை. ஆள் இல்லை, ஊர் இல்லை, திணை இல்லை. வெறும் காற்று. அந்தக் காற்றுக்கு இரண்டு அடைமொழி.

நூலுக்குப் பெயர் எப்படி வருகிறது என்று நன்னூல் ஒரு சூத்திரத்தில் அடுக்குகிறது: முதல்நூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலிய காரணங்களால் வரலாம், காரணம் இல்லாமல் இடுகுறியாகவும் வரலாம். இந்தப் பாட்டை எந்தக் கட்டத்தில் போடுவது? தன்மை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கிறது: யாருக்குத் தெரிந்த தன்மை?

நம் பழைய தலைப்புகளில் ஒரு சொல் வேறு பொருளில் ஏமாற்றுவது புதிதில்லை. ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி இருக்கிறது. திருடனைத் தேடிப் போனால் அங்கே நண்டுதான் கிடைக்கும். கள்வன் என்பது நண்டின் பெயர். பக்கத்திலேயே 'வேழப்பத்து'. யானை வராது, ஆற்றோரத்து நாணல் வகை ஒன்று வரும். இவையெல்லாம் காலம் போன பிறகு வந்த மயக்கம். அன்றைக்குப் பாடியவருக்கும் கேட்டவருக்கும் அதில் குழப்பம் இருந்திருக்காது. மகள் கேட்ட மீன் வாடையும் இந்த வகைதான். அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடும். 'நல்' என்ற சொல் தருகிற மயக்கம் அகராதியால் தீராது. அது நக்கீரர் காலத்திலேயே இருந்த மயக்கம்.

பாட்டு என்ன சொல்கிறது

உலகம் குளிரும்படி மேகம் வலமாக எழுந்து வளைந்து புதுமழை பெய்கிறது. கோவலர் மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், சொந்த நிலத்தை விட்ட கலக்கத்தோடு, கையில் கொள்ளிக்கட்டையை வைத்துக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிக் குறுகுகிறது. பறவை விழுகிறது. பால் கறக்கும் பசு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. குன்றையே குளிர வைத்தது போன்ற நடு இரவு: "குன்று குளிர்ப்பன்ன கூதிர்ப் பானாள்". இதுதான் வாடையின் முதல் அறிமுகம். இதில் நல்லது எதுவும் இல்லை.

அப்புறம் நகரம். மதுரை என்று பெயர் சொல்வதில்லை, ஆறு கிடந்தாற்போன்ற அகன்ற தெருவைக் காட்டுகிறார். பொழுது தெரியாத அளவுக்கு வானம் மூடிக் கிடக்கிறது. கூடையில் போட்டுவைத்த பிச்சி அரும்பு இதழ் விரிந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் மாலை வந்துவிட்டதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். இந்த ஓர் இடத்துக்காகவே நான் நக்கீரரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். கடிகாரம் இல்லாத ஊரில் மழைநாளின் மாலையை மூக்கால் கண்டுபிடிக்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல் சும்மா கிடக்கிறது. வேனில் காலத்தில் தென்றலைக் கொண்டுவருகிற சாளரங்களைத் தாழ்போட்டு மூடிவிட்டார்கள். யாரும் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை. குளிரில் சுருதி கலைந்த யாழ் நரம்பை ஆடல் மகளிர் தம் மார்பின் வெப்பத்தில் தடவிச் சரிசெய்கிறார்கள். "காதலர்ப் பிரிந்தோர் புலம்ப" மழை வலுத்துக் கூதிர் என்னும் குளிர்காலம் நிலைத்துவிட்டது.

பிறகு அரண்மனை. நூல் தெரிந்தவர்கள் கயிறு போட்டுத் திசை பார்த்துக் கட்டிய மனை. யவனர் செய்த பாவை கையில் ஏந்திய விளக்கு. போரில் மடிந்த நாற்பது வயது யானைகளின் கொம்பில் கடைந்த பெரிய கட்டில். அந்தக் கட்டிலை நக்கீரர் 'பாண்டில்' என்கிறார். கட்டிலில் அரசி. பொன்வளை இருந்த கையில் சங்கு வளையும் காப்புநூலும் மட்டும். வண்ணம் தீட்டாத ஓவியம் போல இருக்கிறாள். செவிலியர் "இன்னே வருகுவர் இன்துணையோர்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அது அவள் மனத்தில் ஒட்டவில்லை. மேலே விதானத்தில் வானத்தை வரைந்திருக்கிறார்கள். அங்கே திங்களை விட்டுப் பிரியாத உரோகிணி. அதைப் பார்த்துவிட்டு அவள் பெருமூச்சு விடுகிறாள். நக்கீரரின் சொல்: "நெடிதுயிரா".

தலைப்பின் 'நெடு' இங்கே அவள் மூச்சில் வந்து உட்கார்கிறது. இதை நான் வலிந்து சொல்லவில்லை என்று நம்புகிறேன். பாட்டு முழுவதும் படித்து வருகிறவருக்கு, இந்த ஒரு சொல்லில் காதில் ஏதோ தட்டும்.

ஓர் அடைமொழிக்கு ஓர் ஆள்

நச்சினார்க்கினியர் தலைப்பை இரண்டாகப் பிரித்தார். கணவனைப் பிரிந்து வருந்துகிற அரசிக்கு ஒரு பொழுது ஓர் ஊழி போல நீளுகிறது; ஆகவே அது அவளுக்கு நெடிய வாடை. இன்பத்தில் மனம் போகாமல் வினையில் நிற்கிற அரசனுக்கோ வெற்றிக்கு உதவுவதால் அதே காற்று நல்ல வாடை. அதாவது, தலைப்பில் உள்ள இரண்டு அடைமொழியும் ஒரே ஆள் ஒரே காற்றைப் பற்றிச் சொன்னவை இல்லை. முதல் பாதி அவள் வாயிலிருந்து, இரண்டாம் பாதி அவன் பக்கத்திலிருந்து. அவளுடைய கட்டிலும் அவன் இருக்கிற போர்ப் பாசறையும் எவ்வளவோ தொலைவில் இருக்க, பெயரில் மட்டும் இருவரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த விளக்கம் அழகானது. பாடப்புத்தகத்திலும் தேர்வு விடையிலும் இதுவே நிலைத்துவிட்டது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளலாமா? எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. அது இருக்கிற இடம் வியப்பானது.

புறநானூற்றில் 72ஆம் பாட்டு. பாடியவர் இதே நெடுஞ்செழியன். சிறுவன் என்று தன்னை இகழ்ந்த பகைவரை நினைத்து அவன் சொல்கிற வஞ்சினம். பகைவர் தம் படைப்பெருமையை எப்படிப் பேசினார்கள் என்று சொல்லும்போது "நெடுநல் யானையும் தேரும் மாவும்" என்கிறான். பாருங்கள், 'நெடுநல்' அங்கே அப்படியே இருக்கிறது. உயரமான, நல்ல யானை. இரண்டு ஆள் இல்லை, இரண்டு பார்வை இல்லை. பழைய செய்யுளில் கூடவே வரக்கூடிய ஓர் அடைமொழி இணை, அவ்வளவுதான். அப்படியானால் நெடுநல்வாடையும் 'நீண்ட, நல்ல வாடை' என்ற பொதுவான தொடராக இருந்திருக்கலாமே? நச்சினார்க்கினியர் தேவையில்லாமல் பிளந்துவிட்டாரோ?

இந்த ஐயம் எனக்குப் பல நாள் இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது இது. யானையை உயரம், நல்லது என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த இரண்டும் யானைக்கு இயல்பாகப் பொருந்துகிறவை. வாடை அப்படி இல்லை. சங்கப் பாட்டில் வாடை வந்தால் பிரிந்தவரை வாட்டத்தான் வரும். முதல் பன்னிரண்டு அடியில் நக்கீரரே கன்றைத் தாய் உதைக்கிற அளவுக்கு அதைக் கொடுமையாகக் காட்டிவிட்டார். அதற்கு மேல் 'நல்' என்ற சொல்லை வைத்தால், கேட்பவர் 'யாருக்கு?' என்று கேட்டே தீருவார். பழகிய அடைமொழி இணைதான். ஆனால் அதைப் பொருந்தாத பெயரின் முன்னால் வைத்த உடனே பழக்கம் உடைந்து இரண்டு சொல்லும் தனித்தனியே விழித்துக்கொள்கின்றன. ஆகவே புறம் 72 நச்சினார்க்கினியரை மறுப்பதாகத் தோன்றினாலும், கடைசியில் அவருக்கே வலு சேர்க்கிறது.

ஒன்றை மட்டும் அவரிடமிருந்து நான் ஏற்கவில்லை: பங்கீடு அவர் சொல்கிற அளவுக்குச் சுத்தமாக இல்லை. 'நெடிதுயிரா' அரசியின் பக்கம் என்றால், அவளையே நக்கீரர் "நலங்கிளர் அரிவை" என்றும் சொல்கிறார். பாசறையில் எரிகிற விளக்குகள் "நற்பல் பாண்டில் விளக்கு". 'நல்' இரண்டு பக்கமும் இருக்கிறது. 'பாண்டில்' என்ற சொல்லும் இரண்டு பக்கமும் இருக்கிறது: அங்கே அவள் கிடக்கிற கட்டில், இங்கே காற்றில் எரிகிற விளக்கு. சொற்கள் அரண்மனைக்கும் பாசறைக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கின்றன. தலைப்பு இருவரையும் பிரிக்கவில்லை, சேர்த்துக் கட்டுகிறது என்பது என் எண்ணம்.

வேம்பு கட்டிய வேல்

தலைப்பின் மயக்கம் இன்னொரு பெரிய வழக்கோடு பின்னியிருக்கிறது. இந்தப் பாட்டு அகமா, புறமா?

அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம்: "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்". நெடுநல்வாடையில் பெயர் எங்குமே இல்லை. பிரிவு இருக்கிறது, கூதிர் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. அகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் 176ஆம் அடியில் "வேம்பு தலை யாத்த நோன்காழ் எஃகம்" வருகிறது. வேப்பந்தார் கட்டிய வேல். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. அந்த ஒரு பூவால் ஆள் தெரிந்துவிட்டது என்று சொல்லி நச்சினார்க்கினியர் பாட்டைப் புறத்தில் வைத்தார். பூவைச் சொல்வது பெயரைச் சொல்வதாகுமா என்று கேட்டு, அகமே என்று வாதிட்டவர்களும் உண்டு.

பெயர் சொல்லாமல் விட்டது தற்செயல் இல்லை என்பதற்கு எனக்கு ஒரு சான்று படுகிறது. மதுரை நக்கீரர் பெயரில் அகநானூற்றில் 36ஆம் பாட்டு இருக்கிறது. அதில் ஆலங்கானத்துப் போர் வருகிறது. செழியன் வருகிறான். அவன் வென்ற ஏழு பேரையும் வரிசையாகச் சொல்கிறார்: சேரல், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். அவ்வளவு பெரிய போர் அங்கே ஊர்ப்பேச்சின் ஆரவாரத்துக்கு உவமையாக வந்து போகிறது. அகப்பாட்டு ஒன்றில், உவமைக்காக, எட்டு அரசர்களை அடுக்கியவர் அவர். இந்த நக்கீரரும் நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் ஒருவரே என்று கொண்டால், அரசனையே நடுவில் நிறுத்திப் பாடுகிற நெடுநல்வாடையில் அவன் பெயரைச் சொல்லாமல், ஏழு பகைவரையும் "பலரொடு முரணிய" என்ற ஒரே தொடரில் அடக்கி, ஒரு வேப்பங்கொத்தை மட்டும் வேலில் கட்டிவிட்டுப் போகிறார். சொல்லத் தெரியாதவர் இல்லை. சொல்லாமல் வைத்தார்.

தலைப்பும் அதே வேலையைச் செய்கிறது என்று எனக்குப் படுகிறது. 'நெடு' என்று கேட்டதும் நெடுஞ்செழியன் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. இது என் ஊகம், அதற்கு மேல் அழுத்த மாட்டேன். தலைப்பை வைத்தவர் நக்கீரர்தானா, தொகுத்தவரா என்பதற்கே நம்மிடம் சான்று கிடையாது. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் 'புண்ணுமிழ் குருதி', 'பூத்த நெய்தல்' என்று அந்தப் பாட்டிலிருந்தே எடுத்த தொடர்ப் பெயர் இருக்கிறது. ஆகவே பாட்டுக்குப் பெயர் தேர்ந்தெடுப்பதை ஒரு கலையாகவே பார்த்தவர்கள் நம் முன்னோர் என்பது மட்டும் உறுதி.

முல்லைப்பாட்டோடு ஒப்பிட்டால் இந்தத் தேர்வின் அருமை தெரியும். அதிலும் பாசறை, அதிலும் காத்திருக்கும் மனைவி. 103 அடிதான். ஆனால் முல்லை என்ற பெயரிலேயே முடிவு இருக்கிறது: அவள் ஆற்றியிருப்பாள், அவன் வருவான். பாட்டின் கடைசியில் தேர்ச்சத்தம் கேட்டுவிடுகிறது. நெடுநல்வாடையில் தேர் வருவதே இல்லை.

முடியாத ஒரு வாக்கியம்

அரசி கண்ணீரைச் செவ்விரலால் சுண்டி எறிந்துகொண்டு தனிமையில் கிடக்கிறாள். அவள் துயர் தீர, வெற்றியைத் தந்து "இன்னே முடிகதில் அம்ம" என்று ஒரு வேண்டுதல் எழுகிறது. கொற்றவையைப் பரவுகிற பெண்ணின் வாக்கு அது என்பது நச்சினார்க்கினியர் கருத்து. எது இப்போதே முடியவேண்டும்? எழுவாய் உடனே வராது. இருபது அடி தள்ளி, பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது: "பாசறைத் தொழிலே". பாசறைக் காட்சி முழுவதும் இந்த வேண்டுதலின் வயிற்றுக்குள் இருக்கிறது. செவிலியர் சொன்ன 'இன்னே' ஒன்று, வேண்டுதலின் 'இன்னே' ஒன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. போர் முடிந்ததா, அவன் வந்தானா என்று பாட்டு சொல்லவே இல்லை.

சொல்வது தலைப்புதான். 188 அடியும் 'முடியட்டும்' என்று கேட்கின்றன. 'நல்' என்ற ஓர் எழுத்துக்கூட்டம் மட்டும் முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்கிறது. செருவென்றவன் என்று அவனை அறிந்திருந்த அன்றைய கேட்போருக்கு அது உடனே புரிந்திருக்கும். பாட்டுக்குப் பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த பழைய வெண்பாவுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. "வாடை நலிய" என்று தொடங்கி, அவள் தோளை அவன் நினைக்க மாட்டானோ என்று அது கேட்கிறது. 'நல்'லை எடுத்துவிட்டு 'நலிய'வை வைத்திருக்கிறது. பழைய வாசகர் ஒருவர் அரசியின் பக்கமே நின்றுவிட்டார் என்று அதைப் படிக்கும்போது தோன்றும்.

பத்துப்பாட்டின் பெயர்களை நினைவில் வைக்க எழுந்த வெண்பாவோ "மருவினிய கோலநெடு நல்வாடை" என்கிறது. அங்கே அது அழகான, பழகினால் இனிக்கிற காற்று.

மகளுக்கு இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை. பாசறைப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். போரிட்ட யானைகளின் துதிக்கை வெட்டுண்டு நிலத்தில் புரள்கிறது. அவற்றை வீழ்த்திய வீரர்களின் வாள்புண்ணைப் பார்க்க அரசன் நள்ளிரவில் வெளியே வருகிறான். வடக்கிலிருந்து அடிக்கிற "வடந்தைத் தண்வளி"யில் விளக்குச் சுடர்கள் தெற்குப் பக்கம் தலை சாய்கின்றன. வேம்பு கட்டிய வேலோடு ஒருவன் முன்னே போய் ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சேணம் இறக்காத குதிரைகள் சேற்றுத் தெருவில் மேல் விழுகிற துளியை உதறுகின்றன. நழுவுகிற மேலாடையை அரசன் இடக்கையால் அணைத்துக்கொள்கிறான். வாள் தாங்கிய காளை ஒருவன் தோளில் வலக்கையை வைத்திருக்கிறான். வெண்குடையின் மேல் மழை தவ்வென்று விழுகிறது.

"அடிபட்டுக் கிடக்கிறவங்களுக்கும் அது நல்ல வாடையா?" என்றாள்.

நச்சினார்க்கினியர் உரையில் இந்தக் கேள்வி இல்லை. அரசிக்கு ஒரு சொல்லையும் அரசனுக்கு ஒரு சொல்லையும் அவர் கொடுத்துவிட்டார். புண்பட்டுக் கிடக்கிற வீரனுக்குத் தலைப்பில் எந்தச் சொல் என்று நானும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த இரவில் அவன் முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் தூங்காத அரசனின் முகம் தெரிகிறது, "முகனமர்ந்து" என்கிறார் நக்கீரர். விரும்பிய முகத்தோடு அவனைப் பார்க்கிறான்.